எண்ணும் எந்திரமும் எண்ணும் உள்ளமும்



தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கிடுவதும் எண்ணுதல். ஒன்றை நெஞ்சிலே வைத்துச் சிந்திப்பதும் எண்ணுதல். வடமொழியிலும் ‘ஸங்க்யா’ என்றால் எண்ணிக்கை. அதிலிருந்து பிறந்த ‘ஸாங்க்யம்’ என்னும் சொல் விவேக ஞானத்தைக் குறிக்கிறது. முன்னோர்கள் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் ஏன் வைத்துப் போனார்கள் என்று அடியேன் பாடசாலையில் இருந்த நாட்களில் ஒருபோதும் கேட்டதில்லை. ஐம்பது வயதைக் கடந்த பிறகு, ஓர் இளைஞர் கொண்டுவந்த எந்திரத்தின் முன்னே வெட்கப்பட்டு நின்றபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

நடந்தது இதுதான். சென்ற ஆண்டு உத்ஸவத்தில் கருட ஸேவைக்கு மறுநாள், புறப்பாடு முடிந்து பெருமாள் ஆஸ்தானத்துக்கு எழுந்தருளிய பின், யாத்ரிகர்கள் சிலர் மண்டபத்தில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் திருவாய்மொழியில் உள்ள ஒரு சொல்லின் ஏற்றத்தை அடியேன் விண்ணப்பித்தேன். ‘ஆழ்வார் இச்சொல்லை ஆயிரத்திலும் ஒரே ஓர் இடத்தில்தான் அருளிச்செய்திருக்கிறார்’ என்று சொல்லி, அதன்மேல் ரஸமான ஒரு விசேஷார்த்தத்தையும் சேர்த்தேன். இருபது வருஷமாகச் சொல்லி வருவதுதான். கூட்டத்தில் பல்கலைக்கழகம் ஒன்றில் ஸமய ஆராய்ச்சி செய்யும் மாணவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு அருகே வந்து தண்டம் ஸமர்ப்பித்து, ‘ஸ்வாமி தவறாக நினைக்கக் கூடாது, அந்தச் சொல் இன்னும் இரண்டு இடங்களில் வருகிறது’ என்று, மடியில் வைத்திருந்த கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினார். பார்த்தால், அடியேன் நித்யம் ஸேவிக்கிற பாசுரங்கள்! வாய் சொன்னதைப் புத்தி கவனிக்கவில்லை. அது எந்தச் சொல் என்று இங்கே எழுதாமல் விடுவதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அதோடு அவர் போகவில்லை. ‘இவ்வளவையும் இது ஒரு நொடியில் தேடிக் கொடுத்துவிடுகிறதே, இனிமேல் மனனம் செய்வது எதற்காக, ஸ்வாமி?’ என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். அன்று பதில் சொல்ல அடியேனால் இயலவில்லை. குழந்தைப் பருவத்திலே வீட்டை விட்டுப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டு, விடியற்காலையில் குளிர்ந்த நீரில் ஸ்நானம் செய்து, பிழைக்குப் பிழை அடிவாங்கிக் கற்றவன், அந்தக் கேள்வியைக் கேட்டால் நெஞ்சில் என்ன தோன்றும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். முதலில் தோன்றியது கோபம். ‘சாஸ்த்ரத்தை எண்ணிப் பார்ப்பதற்கு அது என்ன நெல்லா, பருப்பா?’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கோபம் நிலைக்கவில்லை. நம்மைப் போல் எண்ணியவர்கள் யார் உண்டு? காத்யாயனர் இயற்றிய ஸர்வாநுக்ரமணி, ருக்வேதத்தின் ஒவ்வொரு ஸூக்தத்துக்கும் அதன் முதற்சொல், ருக்குகளின் எண்ணிக்கை, ரிஷி, தேவதை, சந்தஸ் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. சௌநகர் பெயரால் வழங்கும் அநுக்ரமணியோ ருக்குகள் 10,580 என்றும், பதங்கள் 1,53,826 என்றும், அக்ஷரங்கள் 4,32,000 என்றும் கணக்குச் சொல்லுகிறது. தைத்திரீய ஸம்ஹிதையை ஐம்பதைம்பது பதங்களாகப் பகுத்து, அநுவாகத்தின் முடிவில் அந்தக் கணக்கையும் சேர்த்தே ஓதுகிறார்கள். பதம், க்ரமம், ஜடை, கனம் என்று ஒரே மந்த்ரத்தை முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதுவதும் ஓரெழுத்துக்கூடச் சிந்தாமல் காப்பதற்காகவே.

அருளிச்செயலில் மட்டும் என்ன? திருவாய்மொழியில் பதிகம் நூறு, பதிகத்துக்குப் பாசுரம் பதினொன்று, பன்னிரு திருநாமங்களைப் பாடும் பதிகத்தில் மட்டும் பதின்மூன்று, ஆக 1,102. அத்தனையும் அந்தாதி. நடுவில் ஒன்று விழுந்தால் சங்கிலி அறுந்து காட்டிக் கொடுத்துவிடும். இன்னும் வேடிக்கை, திருவாய்மொழியின் வ்யாக்யானங்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. பரம பக்தர்கள் கண்ணீர் மல்க அருளிய உரைகளுக்கு, எழுத்தை எண்ணிப் பெயர் வைத்த ஸம்ப்ரதாயம் நம்முடையது! எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்ரீமந் நாதமுனிகளுக்கு நாலாயிரம் கிடைத்ததே ஓர் எண்ணால்தான். திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான பதிகத்தைச் சில ஸ்ரீவைஷ்ணவர்கள் ஸேவிக்கக் கேட்டார்; அதன் கடைசிப் பாசுரம், இப்பத்து ஆயிரத்தில் ஒரு பகுதி என்று கணக்குச் சொல்லிற்று. ‘மற்றவை எங்கே?’ என்று அவர் புறப்பட்டார். அந்த எண் காதில் விழுந்தும் கவனியாமல் இருந்திருந்தால் இன்று நமக்கு எதுவும் இல்லை.

ஆகவே எண்ணுவது குற்றமன்று. எண்ணியதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. இதை விசாரிப்பதற்கு நம் தேசத்தை விட்டுச் சற்று வெளியே போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால், எந்திரத்தைக் கொண்டு சாஸ்த்ரத்தை எண்ணத் தொடங்கியவரின் கதை அங்கே இருக்கிறது. அவர் நாஸ்திகர் அல்லர். இத்தாலி தேசத்துக் கத்தோலிக்கத் துறவி, யேசு சபையைச் சேர்ந்த ரோபர்த்தோ பூஸா.

அவர்களுடைய ஸமயத்தில் தாமஸ் அக்வினாஸ் என்று ஓர் ஆசார்ய புருஷர். 1274ஆம் ஆண்டில் மறைந்தவர். அதாவது, நம் ஸ்வாமி தேசிகன் தூப்புலில் குழந்தையாக விளங்கிய காலத்தில் வாழ்ந்தவர். லத்தீன் மொழியில் அவர் எழுதிக் குவித்தவற்றை நம் பூஸா பாதிரியார் ரோமாபுரியில் ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி நமக்குப் புதியதன்று: இறைவன் பொருள்களின் உள்ளே இருக்கிறான் என்கிறார்களே, அந்த ‘இருப்பு’ எத்தகையது? இயல்பாகவே அவர் முதலில் ‘ஸாந்நித்யம்’ என்று பொருள்படும் பெரிய சொற்களைத் தேடினார். தேடிப் பார்த்தால் அக்வினாஸின் கருத்துக்கு அந்தச் சொற்கள் முக்கியமாகவே இல்லை. அவர் சொல்ல வந்ததெல்லாம் ‘இன்’ என்கிற ஒரு சின்ன லத்தீன் இடைச்சொல்லில் அடங்கிக் கிடந்தது. நம் ஏழாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைச் செய்வது அது. ‘உள்ளே’ என்று பொருள். எந்தச் சொல்லகராதிக்காரரும் ‘இது எங்கும் வருவதுதானே’ என்று தள்ளிவிடுகிற சொல். பூஸா அதைத் தள்ளவில்லை. அந்தச் சொல்லும் அதைச் சார்ந்த சொற்களும் வரும் வாக்கியங்களைக் கையால் எழுதினார். பதினாயிரம் அட்டைகள் ஆயின. 1946இல் ஆய்வை முடித்தார்.

அதன் பிறகே அவருக்கு எந்திரத்தின் நினைவு வந்தது. ஒரு சொல்லுக்குப் பதினாயிரம் அட்டை என்றால், எல்லாச் சொற்களுக்கும் எத்தனை? 1949இல் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். கம்பெனியின் தலைவர் தாமஸ் வாட்ஸனைக் கண்டார். எந்திரங்களால் ஆகாத காரியம் என்று அவர் முதலில் கைவிரித்தாராம். முடியாததையும் சற்றுக் காலம் எடுத்துக்கொண்டு முடித்துக் கொடுப்போம் என்ற கருத்தில் அந்தக் கம்பெனியே ஒட்டி வைத்திருந்த விளம்பரத் தாளைப் பூஸா வரும் வழியிலேயே எடுத்து வைத்திருந்தார். அதை மேஜைமேல் வைத்தார். வாட்ஸன் இசைந்தார். ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் சொற்கள். துளையிட்ட அட்டையில் தொடங்கிய வேலை காந்த நாடாவுக்கு மாறி, 1974 முதல் 56 பாகங்களாக அச்சேறிற்று. முப்பது ஆண்டு உழைப்பு. 1989இல் குறுந்தட்டிலும் 2005இல் இணையத்திலும் வந்தது. பூஸா 2011இல் தமது 97ஆம் வயதில் காலமானார். இன்று உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் ஸமய நூல்களைக் கணிப்பொறி கொண்டு ஆராய்கிற துறைக்கு அவரையே மூலபுருஷராகச் சொல்லுகிறார்கள்.

இந்த வரலாற்றைப் படித்த அன்று அடியேனுக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்றால் ‘உள்ளே’ என்கிற அந்தச் சொல் நம்முடைய ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. ப்ருஹதாரண்யக உபநிஷத்தில் அந்தர்யாமி ப்ராஹ்மணம் என்று ஒரு பகுதி. பூமியில் இருக்கிறான், பூமி அவனை அறியாது, பூமி அவனுக்கு சரீரம் என்று தொடங்கி, நீர், நெருப்பு, காற்று, சூரியன், திசைகள், கண், காது, மனம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏழாம் வேற்றுமையை இட்டு, அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. எம்பெருமானார் சரீராத்ம பாவத்தை நிலைநாட்டியது இவ்வேழாம் வேற்றுமையின் மேல் நின்றுதான். அந்த உபநிஷத்தைக் காண்வர்கள் ஓதும்போது ஓரிடத்தில் ‘விஜ்ஞானத்தில்’ என்று ஓதுகிறார்கள். மாத்யந்தினர்கள் அதே இடத்தில் ‘ஆத்மாவில்’ என்று ஓதுகிறார்கள். இரண்டு பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரு சாகையாரும் ஜீவனை அந்தர்யாமியினின்றும் வேறாகவே ஓதுகிறார்கள் என்று தீர்மானம் செய்தவர் யார்? இக்காலத்துப் பேராசிரியர் அல்லர், ப்ரஹ்மஸூத்ரகாரரே. பாடபேதம் பார்ப்பதை நாஸ்திகர் வேலை என்று ஒதுக்குகிற நம்மவர்கள் இதைச் சற்றே நினைக்க வேண்டும்.

தமிழிலே இது இன்னும் ஆழமானது. ‘உள்’ என்றால் உள்ளே. ‘உளன்’ என்றால் இருக்கிறான். ‘உள்ளம்’ என்றால் நெஞ்சு. இருப்பதும், உள்ளே இருப்பதும், இருக்கும் இடமும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கின்றன. ஏழாம் வேற்றுமை உருபுகளைச் சொல்ல வந்த இலக்கணக்காரர்கள் முதலில் வைப்பது ‘கண்’ என்பதை. அந்தச் சொல்லே விழியையும் குறிக்கும். எந்திரத்திடம் ‘கண்’ என்று கேட்டால் விழியையும் கொடுக்கும், வேற்றுமை உருபையும் கொடுக்கும், கண்ணனையும் கொடுக்கும். ‘உள்’ என்று கேட்டால் கடவுளையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும்! பூஸாவுக்கும் இந்தச் சங்கடம் இருந்தது. ‘இருக்கிறான், இருந்தான், இருப்பான்’ என்பவையெல்லாம் ஒரே வினையின் வடிவங்கள் என்று எந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. மனிதர் ஒருவர் உட்கார்ந்து, இது இதனோடு சேரும் என்று பிரித்து வைத்தாக வேண்டும். முப்பது ஆண்டுகளில் பெரும் பகுதி அதற்குத்தான் போயிற்று.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லாமல் போகக் கூடாது. அந்த அட்டைகளில் துளையிட்டவர்கள் யார்? இத்தாலியில் கல்லராத்தே என்னும் ஊரில் இதற்காகவே ஒரு பயிற்சிக்கூடம் 1956 முதல் 1967 வரை நடந்தது. அதில் பயின்று வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அவர்களிற் பலருக்கு லத்தீன் தெரியாது. பொருள் அறியாத எழுத்தை ஒரு பிழையின்றி நாள்தோறும் பொறித்தார்கள். நூல் முழுவதும் பூஸாவின் பெயரால் உலவிற்று. அந்தப் பெண்கள் யார் என்று நெடுங்காலம் ஒருவரும் கேட்கவில்லை. அண்மைக் காலத்தில்தான் சில ஆராய்ச்சியாளர்கள் பழைய நிழற்படங்களைக் கொண்டு அவர்களைத் தேடிக் கண்டு பேசியிருக்கிறார்கள். நம் ஓலைச்சுவடிகளைப் பெயர்த்து எழுதியவர்களின் நிலையும் இதுவே. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்த தொண்டர்களைத் தேடலைப் பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்? ‘எந்திரம் ஒரு நொடியில் தேடிற்று’ என்று நாம் சொல்லுகிறபோது, அந்த நொடிக்குப் பின்னே யாரோ கண் வலிக்க உழைத்த வருஷங்கள் மறைந்து போகின்றன. பிறருடைய கைங்கர்யத்தை எந்திரத்தின் கணக்கில் எழுதுவது அடியேனுக்கு தர்மமாகத் தோன்றவில்லை.

இனி, எண்ணிக்கையிலிருந்து முடிவுக்குப் போகிற இடம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

1963இல் ஸ்காட்லாந்து தேசத்துக் கிறிஸ்தவ குரு ஒருவர், ஏ. க்யூ. மார்ட்டன் என்பவர், புனித பவுல் பெயரால் வழங்கும் நிருபங்களைக் கணிப்பொறியிட்டு ஆராய்ந்தார். வாக்கியத்தின் நீளம், ‘உம்’ என்று பொருள்படும் கிரேக்க இடைச்சொல் எத்தனை முறை வருகிறது என்பவற்றை எண்ணி, பெரிய நிருபங்களுள் நான்கு மட்டுமே பவுல் எழுதியவை, மற்றவை பிறர் எழுதியவை என்று அறிவித்தார். பெரிய ஆரவாரம் எழுந்தது. அவருக்கு விடை சொன்னவரும் ஒரு குருவே. அமெரிக்கரான ஜான் எல்லிஸன், 1957இல் பைபிளுக்குக் கணிப்பொறி கொண்டு சொல்லடைவு வெளியிட்டவர். எந்திரத்தின் விரோதி அல்லர். அவர் மார்ட்டனின் முறையையே எடுத்து ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற அயர்லாந்து நாவலாசிரியரின் ‘யுலிஸிஸ்’ நாவலின்மேல் செலுத்தினார். அது பலர் கூடி எழுதியது என்று முடிவு வந்தது! மார்ட்டனுடைய கட்டுரையின்மேலேயே செலுத்தினார். அதுவும் ஒருவர் எழுதியதில்லை என்று வந்ததாம்.

தர்க்கம் படித்த பிள்ளைகளுக்கு இது விளங்கிவிடும். ‘இந்நிருபம் பவுல் எழுதியதன்று, நடை வேறுபட்டிருப்பதால்’ என்பது அநுமானம். எங்கெங்கே நடை வேறுபடுமோ அங்கங்கே ஆசிரியரும் வேறு என்கிற வ்யாப்தி இருந்தால்தான் அது செல்லும். ஒரே ஆசிரியரிடம் நடை வேறுபட்டதற்கு ஒரு த்ருஷ்டாந்தம் கிடைத்தாலும் ஹேது வ்யபிசரித்துவிட்டது, அது ஹேத்வாபாஸம். எண்ணிக்கை பிழையில்லை. எந்திரம் எண்ணியது மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்ப்பது போல; ப்ரத்யக்ஷத்தைச் சேர்ந்தது. அதன்மேல் கட்டிய அநுமானம் மனிதருடையது, பிழையும் அவருடையதே. (அந்நிருபங்களில் சிலவற்றைப் பற்றி வேறு காரணங்களால் ஐயம் கொண்டவர்கள் அவர்களுக்குள்ளேயே பலர் உண்டு; அது வேறு விஷயம். இக்காலத்தில் நடையை அளக்கும் முறைகளும் மார்ட்டன் காலத்தைவிட மிகவும் சீர்பட்டிருக்கின்றன.)

பிறர் வீட்டு வழக்கு என்று நாம் இதைக் கேட்டுவிட்டுப் போக முடியாது. நம் வீட்டிலும் இந்த வழக்கு உண்டு. எம்பெருமானார் அருளியவை ஒன்பது க்ரந்தங்கள் என்று கொண்டிருக்கிறோம். அவற்றுள் கத்யத்ரயமும் நித்யமும் அவர் அருளியவை ஆகமாட்டா என்று ராபர்ட் லெஸ்டர் என்ற அமெரிக்க அறிஞர் 1966இல் எழுதினார். ஸ்ரீபாஷ்யத்தில் ப்ரபத்தி தனி உபாயமாகச் சொல்லப்படவில்லை. கத்யத்தில் சரணாகதியே ப்ரதானம். ஆகையால் இரண்டும் ஒருவர் வாக்கல்ல என்பது அவர் வாதத்தின் ஸாரம். அவர் கணிப்பொறியைக் கொண்டு வாதாடவில்லை. இன்று ஒருவர் அதைக் கொண்டு வாதாட விரும்பினால் அடுத்த மாதமே செய்துவிடலாம். முடிவு என்னவாக வரும் என்பதை எந்திரம் இல்லாமலே அடியேன் சொல்லிவிடுவேன்: நடை வேறு என்றே வரும். ஸ்ரீபாஷ்யம் பூர்வபக்ஷிகளோடு ஸதஸ்ஸில் வாதாடுவது. சரணாகதி கத்யமோ பங்குனி உத்தரத்தன்று திருவரங்கத்தில் பிராட்டியும் பெருமாளும் சேர்ந்து வீற்றிருக்கையில் திருவடியில் விழுந்து கதறுவது. நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல் வீட்டுக்கு வந்து தாயாரிடம் பேசும் பேச்சை எடுத்து எண்ணினால், இவர் வேறு, அவர் வேறு என்றுதான் வரும்.

அப்படியானால் எந்திரத்தைக் கிட்டே விடக் கூடாது என்பது அடியேன் கருத்தா? இல்லை. அந்த மாணவரிடம் அடியேன் பிற்பாடு சொன்னது இது: ‘முதலில் ஸ்வாமி தேசிகனை எடுத்துக்கொள்ளும். அவர் வாதக்ரந்தமும் எழுதினார், காவ்யமும் எழுதினார், நாடகமும் எழுதினார், ஸ்தோத்ரங்களும் எழுதினார். ஸம்ஸ்க்ருதத்தில் அவர் எழுதிய அவ்வளவையும் உம்முடைய எந்திரத்தில் இட்டு, எல்லாம் ஒரே கை எழுதியது என்று அது சொல்லுகிறதா பாரும். அதைச் சரியாகச் சொல்லக் கற்ற எந்திரம் பிறகு கத்யத்தைப் பற்றிப் பேசட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.’

அவரும் விடவில்லை. ‘அந்தப் பரீக்ஷையில் தேறிய பிறகும், கத்யம் வேறொருவர் வாக்கு என்று சொன்னால், ஸ்வாமி என்ன செய்வீர்கள்?’ என்றார். இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். நெஞ்சு நடுங்கிற்று. கத்யத்துக்குப் பெரியவாச்சான்பிள்ளை வ்யாக்யானம் இருக்கிறது; ஸ்வாமி தேசிகன் பாஷ்யம் இருக்கிறது. வடகலையாரும் தென்கலையாரும் பல விஷயங்களில் மாறுபட்டாலும், இது எம்பெருமானார் வாக்கு என்பதில் ஒரே குரலாக நிற்கிறார்கள். ஆசார்ய பரம்பரையில் அவருக்கு மிகவும் அணுக்கத்தில் இருந்தவர்களின் ஸாக்ஷியை, எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் கழித்து வந்த ஓர் அநுமானத்துக்காக அடியேன் கைவிட மாட்டேன். அதற்கு நம் ப்ரமாண சாஸ்த்ரத்திலேயே நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மாணவர் கண்டதை மறைத்து வை என்றும் அடியேன் சொல்ல மாட்டேன். கோயிலின் பெயரால் ஒரு பொய்யைக் காப்பாற்றுவது பெருமாளுக்குச் செய்யும் கைங்கர்யமாகாது. எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடும் எடுத்து எழுதிவிட்டுப் பிறகு மறுமொழி சொன்னவர் எம்பெருமானார். ஸ்ரீபாஷ்யத்தின் மஹாபூர்வபக்ஷத்தைப் படித்தவர்களுக்கு அது தெரியும். அவருடைய அடியார்கள் ஒரு பூர்வபக்ஷத்துக்கு அஞ்சி ஓடலாமா?

திறந்து வைப்பதா, காத்து வைப்பதா என்பது வேறொரு தர்மஸங்கடம். சுவடிகளைப் படம் பிடித்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். திருக்கோட்டியூரில் பதினெட்டு முறை நடந்து பெற்ற அர்த்தத்தை ஆசையுடையோர்க்கெல்லாம் வெளியிட்டவரின் வம்சம் நாம். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் வடக்குத் திருவீதிப்பிள்ளை, பகலில் காலக்ஷேபத்தில் கேட்டதை இரவில் ஈடாக எழுதிவைத்தபோது, தம் அனுமதியின்றி எழுதியதாயிற்று என்று நம்பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொண்டார் என்பதும் நம் பூர்வர்கள் சரித்திரமே. பிறகு அது ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்து, மணவாள மாமுனிகள் காலத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு காலம் ப்ரஸங்கமாயிற்று. இந்த இரண்டு சரித்திரத்துக்கும் நடுவே அடியேனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஒரு வீட்டு ஓலையை எடுப்பவர் அந்த வீட்டாரைக் கேட்டு எடுக்க வேண்டும், எடுத்த பின் ஒரு பிரதியை அந்த வீட்டாருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். படம் பிடித்தவர் சீமைக்குப் போய்விட, ஓலை செல்லரிக்க, வீட்டார் இரண்டையும் இழந்து நிற்பதில் என்ன நியாயம்?

இப்போது புதிதாக, கேட்ட கேள்விக்கு வாக்கியமாகவே விடை சொல்லும் எந்திரங்கள் வந்திருக்கின்றன. சில வேளைகளில் இல்லாத பாசுரத்தையும் இருப்பதாகச் சொல்லிவிடுகின்றன. அடியேன் அவற்றை அதிகம் அறியேன். கண்டதைக் கண்டபடி சொல்லுகிறவனே ஆப்தன் என்பது தர்க்கத்தின் லக்ஷணம். தான் காணாததைக் கண்டதுபோலச் சொல்லுவது எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் ஆப்தவாக்யம் ஆகாது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மனனம் எதற்காக என்று அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தேடுகிறவனுக்குத் தேட வேண்டிய சொல் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். பூஸாவுக்கு ‘இன்’ என்ற சொல்லைத் தேடு என்று எந்திரம் சொல்லவில்லை. எந்திரத்தை அவர் காண்பதற்கு முன்பே, படித்துப் படித்து ஏமாந்து, அதன் பிறகு தோன்றியது அது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தாயார் ஸந்நிதிக்கு வந்தார். பிள்ளையைப் பறிகொடுத்து முப்பது நாள்கூட ஆகவில்லை. தீர்த்தம் வாங்கக்கூடக் கையை நீட்டவில்லை, நின்றார். அடியேனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்போது நாவிலே ஒரு பாசுரம் வந்தது. அடியேன் தேடவில்லை; எந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடுவது? சிறு வயதில் பொருள் தெரியாமல், அடிக்குப் பயந்து கற்றது, நாற்பது வருஷம் உள்ளே கிடந்து, வேண்டிய நேரத்தில் தானே எழுந்து வந்தது. அந்த அம்மாள் அதைக் கேட்டு முதல் முறையாக அழுதார். மதுரகவிகளின் பதினொரு பாசுரத்தை நாதமுனிகள் பன்னீராயிரம் உரு ஜபித்தார் என்கிறார்களே, அந்தப் பன்னீராயிரம் எத்தகைய எண்ணிக்கை என்று அன்றுதான் சற்று விளங்கிற்று. எந்திரம் பன்னீராயிரத்தை ஒரு நொடியில் முடித்துவிடும். நம்மாழ்வார் அதற்கு எழுந்தருளிக் காட்சி கொடுக்க மாட்டார்.

ஆனாலும் அந்தச் சொல் மூன்று இடத்தில் வருகிறது என்பதை அடியேனுக்குக் காட்டியது எந்திரம்தானே. இந்த ஆண்டு விசேஷார்த்தத்தை மாற்றிச் சொல்லுகிறேன். மூன்று இடத்தையும் சேர்த்துப் பார்க்கையில் பழையதைவிட நன்றாகவே இருக்கிறது.

அந்த மாணவர் இந்த உத்ஸவத்துக்கும் வந்திருக்கிறார். திருவாய்மொழியில் ‘உள்’ என்ற எழுத்துகள் வரும் இடங்களையெல்லாம் எடுத்து, தடித்த காகிதக் கட்டாக அச்சிட்டுக்கொண்டு வந்தார். முதல் திருநாளிலிருந்து, இரவு புறப்பாட்டுக்கு முன் கிடைக்கும் ஒரு நாழிகையில், த்வஜஸ்தம்பத்தின் அருகே விளக்கடியில் இருவரும் உட்காருகிறோம். அவர் ஒவ்வொரு இடமாகப் படிக்கிறார். அடியேன் பாசுரத்தை முழுவதும் ஸேவிக்கிறேன். இது வேற்றுமை, இது வினை, இது நெஞ்சு, இது வேறொரு சொல்லின் வால் என்று பிரித்துக் குறிக்கிறோம். நேற்று ஓரிடத்தில் வேற்றுமையா வினையா என்று இருவருக்கும் தீரவில்லை. ஈட்டை எடுத்துப் பார்த்தோம். இரண்டுமாகவே கொள்ள இடம் இருக்கிறது. அவர் தாளின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்தார். இரண்டாம் பத்து முடிந்திருக்கிறது. நாளை திருத்தேர், வேலைக்கு ஒழிவில்லை. நாளன்றைக்குத் தீர்த்தவாரி ஆனபின் மூன்றாம் பத்தைத் தொடங்குவதாக இருக்கிறோம்.